யார் பேரில் கணக்கு?

தண்டையார்பேட்டைப் பக்கம் ‘கணக்கு’ என்ற சொல் பள்ளிக்கூடப் பாடத்தைவிட மளிகைக் கடை நோட்டைத்தான் முதலில் நினைவுபடுத்தும். அண்ணாச்சி கடையில் நீளவாக்கில் ஒரு நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் வீட்டுப் பெரியவரின் பெயர் இருக்கும். பெயர் தெரியாவிட்டால் ‘போர்ட்டுக்காரர் வீடு’, ‘மாடி வீட்டு டீச்சர்’ என்று ஓர் அடையாளம். அந்த வீட்டிலிருந்து எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் அரைக் கிலோ துவரம்பருப்பு கிடைக்கும். “கணக்குல எழுதிக்கோங்க அண்ணாச்சி” என்றால் போதும். வாங்கிப்போன பிள்ளையின் பெயர் நோட்டில் ஏறாது, ஏறவேண்டிய தேவையும் இல்லை. பருப்பு வீட்டுக்கு, கடன் வீட்டின் மேல். பிள்ளை அங்கே வீட்டின் ஒரு கை, அவ்வளவுதான்.

இதே தெருக்களில் இன்னொரு நோட்டும் இருந்தது. குத்துச்சண்டையோ கேரமோ கால்பந்தோ, சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களின் நோட்டு. அதில் எல்லாமே தலைகீழ். பிள்ளையின் பெயர்தான் முதலில் வரும், பாதிப் பேருக்குப் பட்டப்பெயர். அப்பா இனிஷியலாக மட்டும் இருப்பார். வயது, எடை, வந்த நாளுக்கு ஒரு டிக். வீடு எங்கே, வீட்டில் யார் யார் என்பதெல்லாம் மாஸ்டருக்கு மனப்பாடம், ஆனால் எழுதி வைத்திருக்க மாட்டார். இந்த நோட்டில் பிள்ளை யாருடைய கையும் இல்லை. தானாக வந்தவன், தானாக வந்தவள்.

இரண்டு நோட்டும் பத்துக் கடை தூரத்தில் இருந்தாலும் ஒன்றோடொன்று கலந்ததில்லை. இப்போது இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறது ஒரு மென்பொருள். அதற்கு அது வைத்திருக்கும் பெயர் ‘ஃபேமிலி அக்கவுண்ட்’. தமிழில் சொன்னால் குடும்பக் கணக்கு. மைதானத்துப் பிள்ளையைக் கடை நோட்டில் எழுதினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

*

நான் இங்கே ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் மாலை நேரம் எழுத்து வேலை பார்க்கிறேன். யார் வந்தார்கள், யார் எந்த எடைப் பிரிவு, எந்தப் போட்டிக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று பார்ப்பது என் பொறுப்பு. கூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, தொங்கும் 4 மூட்டைகள், தரையில் சுண்ணாம்பால் போட்ட ஒரு சதுரம். கையுறை வாங்கிக்கொடுத்த அமைப்பு ஒன்று, எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை ஆப்பில் காட்டச் சொன்னது. காசு கொடுத்தவர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். அப்படித்தான் நோட்டு போய் ஆப் வந்தது.

சிறுவர் விளையாட்டுக் குழுக்களுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் வெளிநாடுகளில் நிறைய இருக்கின்றன. அமெரிக்காவில் டீம்ஸ்நாப், ஸ்போர்ட்ஸ்எஞ்சின், நார்வேயில் ஸ்பாண்ட். திரை வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். பெரியவர் ஒருவர் மின்னஞ்சலையோ கைப்பேசி எண்ணையோ கொடுத்துக் கணக்கு தொடங்குவார். அவருக்குக் கீழே பிள்ளைக்கு ஒரு ப்ரொஃபைல். சேர்க்கைப் படிவத்தில் சம்மதம் என்ற பெட்டியைத் தட்டுபவர் அவர். பணம் கட்டுபவர் அவர். பயிற்சி நேரம் மாறினால் செய்தி போவதும் அவருக்கே. விளையாடுவது மட்டும் பிள்ளை.

அம்மாவோ அப்பாவோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முடிந்ததும் வந்து ஏற்றிப்போகும் ஊர்களில் யோசித்த ஏற்பாடு இது. பணம் கட்டுபவர், பொறுப்பேற்பவர், கூட இருந்து வளர்ப்பவர் மூவரும் ஒருவரே என்று அது எடுத்துக்கொள்கிறது. எங்கள் பக்கம் அந்த மூன்றும் ஒரே ஆளாக அமைவது எப்போதாவதுதான்.

முதல் மாதமே அது தெரிந்தது. கூடத்துக்கு மாதக் கட்டணம் 300 ரூபாய். 9 பிள்ளைகளால் கட்ட முடியாது. மாஸ்டர் எப்போதும்போல் அவர்களுக்காகத் தன் கைப்பேசியிலிருந்தே கட்டிவிட்டார். ஆப்பைப் பொறுத்தவரை யார் பணம் கட்டுகிறாரோ அவர்தான் குடும்பத் தலைவர். 9 பேரும் அவர் பெயருக்குக் கீழே வரிசையாக வந்து நின்றார்கள். இரண்டாவது பிள்ளையிலிருந்து உடன்பிறந்தோர் சலுகை என்று 10 சதவீதத்தை அதுவே கழித்தும் கொடுத்தது. காசிமேட்டு மீனவர் வீட்டுப் பையன், லாரி மெக்கானிக்கின் மகள், தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை, ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவரின் மகன், எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை.

“சரியாத்தான போட்ருக்குது” என்றார்.

*

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வட சென்னைக் குத்துச்சண்டையில் அணிக்குப் பெயரே பரம்பரைதான். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை. 2021இல் பா. இரஞ்சித்தின் படம் வந்த பிறகு இந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். மற்ற இடங்களில் பரம்பரை என்றால் ரத்தம்: பரம்பரைச் சொத்து, பரம்பரை வியாதி. இங்கே அது வாத்தியார் வழி வருவது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் கட்டுமரம் ஏறியவரும் ஒரே வாத்தியாரிடம் கற்றதால் ஒரே பரம்பரை. தோற்றால் அவமானம் பிறந்த வீட்டுக்கு வருவதற்குமுன் பரம்பரைக்கு வந்து சேரும். அந்த வழியில் வந்தவருக்கு, 9 பிள்ளைகள் தன் பெயருக்குக் கீழே நிற்பது வேறு எப்படித் தோன்றும்?

பெற்றவரே வாத்தியாராகவும் அமைந்துவிடுவதுண்டு. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில், ஆட்டோ ஓட்டிக்கொண்டே பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர். அவர் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். அங்கே வீட்டு நோட்டும் விளையாட்டு நோட்டும் ஒரே கையில் இருந்தன, அது அந்தப் பிள்ளைக்கு நல்லதாக அமைந்தது.

ஆகவே முதலில் எனக்கும் தோன்றியது இதுதான்: ஆப் தெரியாமல் செய்தாலும் நம் ஊருக்குப் பொருத்தமாகத்தான் செய்திருக்கிறது, குடும்பம் என்றால் ரத்தம்தானா என்ன, அப்படியே விட்டுவிடலாமே.

ஆனால் அந்த 9 பேர் பட்டியலைப் பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. ஒரு பிள்ளைக்கு மாஸ்டர் தனியாகச் செய்தி அனுப்பினால் அதன் நகல் பெற்றோருக்குப் போகும்படி ஆப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. இந்த 9 பேருக்கும் பெற்றோர் இடத்தில் இருப்பது மாஸ்டர். அவர் அனுப்பும் செய்தியின் நகல் அவருக்கே போகும். பிள்ளையிடமிருந்து புகார் வந்தால் அதுவும் அவர் கைப்பேசியில்தான் மணி அடிக்கும்.

எங்கள் மாஸ்டரைப் பற்றி எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. ஆனால் அந்த நகல் ஏற்பாடு என் நம்பிக்கையை வைத்து உண்டானதில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைப் பல ஆண்டுகள் பாலியல் வன்கொடுமை செய்தார். சில நேரம் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே அது நடந்தது. வெளியே சொன்ன பிள்ளைகளைப் பெரியவர்கள் நம்பவில்லை, டாக்டரை நம்பினார்கள். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்று பேசினார்கள். அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் சிறை. அடுத்த மாதமே விளையாட்டில் சிறுவர் பாதுகாப்புக்கென்று அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. பயிற்சியாளர் சிறுவருக்கு அனுப்பும் செய்தி இன்னொரு பெரியவர் கண்ணிலும் பட வேண்டும் என்பது அதன்பின் அங்கே விதியானது. ஆக, நாம் எரிச்சலோடு தள்ளிவிடும் ஒரு நோட்டிஃபிகேஷனுக்குப் பின்னால் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

நம்மிடமும் 2012இன் போக்சோ சட்டம் இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்த எவரும் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது அது. ஆனால் தெரிவதற்கு ஒரு வழி வேண்டுமே. எல்லாம் மாஸ்டரின் மனப்பாடத்தில் இருந்த அந்தப் பழைய நோட்டை நினைத்து உருகுபவர்கள், அதில் யாருக்கும் எதுவும் தெரிய வழி இருந்ததா என்பதையும் யோசிக்க வேண்டும். பரம்பரை பிள்ளைக்கு இன்னொரு வீடு, சரி. வீட்டுக்குள் நடப்பதும் எல்லா நேரமும் நல்லதாகவே இருக்கிறதா?

மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “காசு நான் கட்றேன். பேரு அவங்கவங்க வூட்டு ஆளுங்க பேர்ல மாத்திடு” என்றார். பணம் கட்டுபவரையும் பொறுப்பாளரையும் அவர் அந்த ஒரு வாக்கியத்தில் பிரித்துவிட்டார். ஆப்பில் அதைப் பிரிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

*

வீட்டு ஆள் என்றால் யார் என்பது அடுத்த சிக்கல். படிவம் ‘அப்பா / அம்மா / பாதுகாவலர்’ என்று சாய்கோடு போட்டுக் கேட்டுவிடுகிறது. ஒரு பையனை வளர்ப்பது அவன் ஆயா. ஆயாவிடம் பட்டன் போன்தான், ஓடிபி வந்தால் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொல்ல வேண்டும். இன்னொருவனின் பெற்றோர் எண்ணூர்ப் பக்கம் வேலை செய்கிறார்கள், அவன் பெரியம்மா வீட்டில் இருந்து படிக்கிறான். பெரியம்மா பாதுகாவலரா? சோறு போடுகிறார், காய்ச்சல் வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறார். சட்டக் காகிதம் எதுவும் அவரிடம் இல்லை.

குடும்பத்துக்கு யார் தலை என்பதில் நம் சட்டங்களுக்குள்ளேயே ஒரே பதில் கிடையாது. 1956இன் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. அந்தப் ‘பின்’ என்ற சொல் ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையில் குறுக்கே வந்தது. 1984இல் கீதா ஹரிஹரன் தம் சிறுவயது மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளர் என்று அவரே கையெழுத்திட்டார். கணவருக்கும் அதில் சம்மதம். தந்தை கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் காப்பாளர் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று வங்கி திருப்பிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999இல் தீர்ப்பு வந்தது: ‘பின்’ என்றால் தந்தை இறந்தபின் என்று மட்டும் படிக்க வேண்டியதில்லை, அவர் இல்லாத நிலையில் என்று படிக்கலாம். பிள்ளை விஷயத்தில் தந்தை அக்கறையற்று இருப்பதும், இருவரும் பேசி வைத்துத் தாய் பொறுப்பேற்பதும் அதில் அடங்கும். ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் அம்மா கையெழுத்துப் போடுவதற்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள்.

2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு பதில் சொல்கிறது. ரேஷன் அட்டைக்கு வீட்டில் 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவரே குடும்பத் தலைவர் என்கிறது. பத்திரத்துக்கு அப்பா, அரிசிக்கு ஆயா.

ஆப்புக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. அதற்குக் குடும்பத் தலைவர் ஒரு கைப்பேசி எண். அந்த எண் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பெற்றோர். எங்கள் பக்கம் ரீசார்ஜ் பண்ணக் காசில்லாமல் சிம்மை அப்படியே விட்டுவிடுவதும், ஆஃபர் வந்தால் புது சிம் வாங்கிக்கொள்வதும் சகஜம். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படி ஆனால், ஒரு பிள்ளையின் வயது, எடை, அடிபட்ட விவரம், மூன்று வருட வருகைப் பதிவு எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கைக்கு வரும் ஓடிபியில் திறக்கும். கடை நோட்டில் இந்த ஆபத்து இல்லை, அண்ணாச்சிக்கு முகம் தெரியும்.

*

இதுவரை சொன்னதெல்லாம் உழைத்தால் சரிசெய்யக்கூடியவை. எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெடுத்தது ஒரு பெண்பிள்ளையின் விஷயம்.

16 வயது. நன்றாகக் குத்துவாள். இடதுகைக்காரி, எதிரே நிற்பவர்களுக்கு அடி எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. சேர்க்க வந்தவர் அம்மா. எண்ணைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவரு நம்பரு மட்டும் போட்டுடாதப்பா. டூசன் போறான்னு சொல்லி வெச்சிருக்கேன். தெரிஞ்சிதுன்னா அன்னைக்கே நிறுத்திடுவாரு.”

ஆப்பில் இரண்டாவது பாதுகாவலர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஓர் எண்ணைப் போட்டால், பிள்ளை வாசலில் வருகையைப் பதிந்ததும் அந்த எண்ணுக்கும் செய்தி போகும். ‘உங்கள் மகள் பயிற்சிக்கு வந்துவிட்டாள், மாலை 5.42.’ நல்ல நோக்கத்தோடு செய்த வசதி. இந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு செய்தியோடு குத்துச்சண்டை முடிந்துவிடும்.

அப்பாவை வில்லனாக்குவது சுலபம், நான் அதைச் செய்ய மாட்டேன். நாளைக்கு மூக்கு உடைந்தால் தூக்கிக்கொண்டு ஓடப்போவது அவராகவும் இருக்கலாம். அடிபடும் விளையாட்டில் பெண் இருக்கிறாள் என்பது தெரிய ஒரு தகப்பனுக்கு உரிமை இல்லையா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சட்டென்று சொல்ல என்னால் முடியவில்லை. கீதா ஹரிஹரன் தீர்ப்பும் இங்கே உதவாது. இந்த அப்பா வீட்டில்தான் இருக்கிறார், அக்கறையோடுதான் இருக்கிறார். அந்த அக்கறையே தடையாக இருக்கிறது.

பல நாள் யோசித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே பிடி இது. கண்காணிப்பு என்று ஒரே சொல்லால் நாம் இரண்டு வேலைகளைச் சொல்கிறோம். மாஸ்டரைக் கண்காணிப்பது ஒன்று. பிள்ளையைக் கண்காணிப்பது இன்னொன்று. முதலாவது பிள்ளையின் மேல் அதிகாரம் உள்ளவரை இன்னொரு பெரியவர் கவனிப்பது. அது இல்லாமல் நாசர்கள் வளர்வார்கள். அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை: மாஸ்டர் அனுப்பும் செய்தி, வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போகும் விவரம், அடிபட்டால் செய்த முதலுதவி, எல்லாம் வீட்டில் ஒருவருக்காவது உடனே தெரிய வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே எல்லோரையும்விட அதிகாரம் குறைந்த ஆளை இன்னும் ஒரு கண் கொண்டு பார்ப்பது. 8 வயதுப் பிள்ளைக்கு அதுவும் வேண்டும், தெருவைக் கடந்து வந்துசேர்ந்ததா என்பது தெரியத்தான் வேண்டும். 16 வயதில் அதே செய்திக்கு அர்த்தம் மாறிவிடுகிறது.

ஆப் இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்திருக்கிறது. பாதுகாப்புக்காகச் சேர்க்கிறோம் என்று சொல்லி ஓர் எண்ணைச் சேர்த்தால், கடை நோட்டின் உரிமையும் கூடவே வந்துவிடுகிறது: என் பக்கத்தில் எழுதியிருக்கிறது, ஆகவே என்னுடையது.

*

சிறுவர்களுக்குச் சட்டம் போட்ட வேலிகளைத் திரும்பிப் பார்த்தால், நல்ல வேலிகள் வெளியே இருப்பவரைத் தடுக்கக் கட்டப்பட்டவை. நம் ஊரில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. அதனால்தான் சம்மதப் பெட்டியைப் பெரியவர் தட்டுகிறார். இந்த விதியை உறுதிசெய்தது 1903இல் வந்த மோஹரி பீபி வழக்கின் தீர்ப்பு. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர் உரிய வயது நிரம்புவதற்குள் வட்டிக்காரரிடம் சொத்தை அடமானம் வைத்தார். அந்த ஒப்பந்தமே செல்லாது என்றது பிரிவி கவுன்சில். பிள்ளைக்கு ஒப்பந்தத் தகுதி இல்லை என்று சொன்னது வட்டிக்காரரிடமிருந்து அவரைக் காப்பாற்ற. பிள்ளைக்கு விருப்பமே கிடையாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே கோட்டில் தொடங்குகிறது. 18 வயது நிரம்பாதவர் குறித்த தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும். சிறுவர்களைப் பின்தொடர்வதும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. எல்லாம் நிறுவனத்தின் கையைக் கட்டும் விதிகள், நல்லது. ஆனால் இதே சட்டம் தரவுக்கு உரியவர் யார் என்று சொல்லும் இடத்தில், உரியவர் சிறுவராக இருந்தால் அவர் பெற்றோரும் அதில் அடக்கம் என்கிறது. பிள்ளையும் பெற்றோரும் அங்கே ஒரே ஆள் ஆகிவிடுகிறார்கள். 6 வயதுக்கும் 17 வயதுக்கும் அதில் வேறுபாடு கிடையாது. அம்மாவும் அப்பாவும் வேறு வேறு நினைத்தால் என்ன, பிள்ளை மூன்றாவதாக ஒன்று நினைத்தால் என்ன என்பதற்கும் அங்கே இடமில்லை.

இடம் கொடுத்த ஊர் இல்லாமல் இல்லை. நார்வே விளையாட்டுக் கூட்டமைப்பு 1987லேயே சிறுவர் விளையாட்டுக்கென்று விதிகளை வகுத்தது. 2007இல் அவற்றைத் திருத்தி, விளையாட்டில் சிறுவர்களின் உரிமைகள் என்று ஓர் ஆவணமும் சேர்த்தது. 11 வயதுக்கு முன் தரவரிசை கூடாது. எந்த விளையாட்டு, எத்தனை, எவ்வளவு பயிற்சி என்பதை முடிவுசெய்வதில் பிள்ளைக்கு உரிமை உண்டு. 1989இன் ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையும், தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளை சொல்வதை அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்க வேண்டும் என்கிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது.

நார்வே பணக்கார நாடு, அங்கே எல்லாம் முடியும் என்று சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் மாஸ்டரின் பழைய நோட்டும் இதைத்தானே செய்தது? பிள்ளையின் பெயரை முதலில் எழுதியது. எந்தப் பிள்ளையையும் ‘யார் வூட்டுப் பையன்’ என்று கேட்டுவிட்டே எடைபோடும் தெருவில், வந்து நின்ற ஆளின் பெயரைக் கேட்டது. சாதி தெரியாத, அப்பன் குடி தெரியாத, வீட்டுக் கடன் தெரியாத ஒரு சதுரம் அந்தச் சுண்ணாம்புச் சதுரம். ஒரு பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த நோட்டுக்குக் குறை இருந்தது, மாஸ்டரைப் பார்க்க அதில் யாரும் இல்லை. அந்தக் குறையை ஆப் தீர்க்கட்டும். தீர்க்கும் சாக்கில் பிள்ளையைக் கடைசி வரிக்குத் தள்ள வேண்டாம்.

*

இப்போது எங்கள் கூடத்தில் நடப்பது இதுதான். ஆப் விடும் அளவுக்கு மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறோம். பணம் யார் கட்டினாலும் கட்டலாம், கட்டியவருக்கு ரசீது மட்டும் போகும். பொறுப்பாளர் வீட்டில் ஒருவர், மாஸ்டராகவோ என்னைப் போன்றவராகவோ இருக்கக் கூடாது. மாஸ்டர் தரப்புச் செய்திகள் எல்லாம் அவருக்குப் போகும். 14 வயதைத் தாண்டிய பிள்ளைகளின் வருகைச் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு கேட்டு முடிவுசெய்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண் மாறிவிட்டதா என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்கிறேன்.

18 நிரம்பினால் பதிவு அவரவர் எண்ணுக்கு மாறும். இது சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயிலும் விளையாட்டு வழியாக வேலைக்குப் போகலாம். அதற்கெல்லாம் எந்த வருடம் எந்தப் போட்டியில் ஆடினாய் என்பதற்குச் சான்று வேண்டும். அந்த வருடங்கள் அப்பாவின் செத்துப்போன சிம்மில் மாட்டிக்கொள்ளக் கூடாது. சொந்தப் பெயரில் பதிவு மாறிய முதல் பையன், தன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்பா பேரு எங்கணா போச்சு?” என்று கேட்டான். இனிஷியலில் இருக்கிறது என்றேன்.

அந்தப் பெண்பிள்ளையின் விஷயத்தில் நான் எடுத்த நிலை இது. பெற்றோரில் ஒருவர் சம்மதம் இருக்கிறது, அது போதும். அப்பா நேரில் வந்து கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், அம்மாவிடமும் அதைச் சொல்லிவிட்டேன். கேட்காதவரை நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அம்மா ஒரு துண்டுச்சீட்டில் அப்பாவின் எண்ணை எழுதித் தந்தார். “உசுருக்கு எதுனா ஆனா மட்டும்” என்றார். அது முதலுதவிப் பெட்டியில் பஞ்சுக்கும் கத்தரிக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு தகப்பனின் எண்ணை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும், எதற்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை அந்த அம்மா எந்தச் சட்டத்தையும்விடத் தெளிவாகப் பிரித்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. இது முழுச் சரிதானா என்றால், அந்த அப்பாவின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கும் இரவுகளில் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.

ஆப்புக்கும் இதில் திருப்தி இல்லை. அவள் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மேலே ஒரு பட்டை, ‘ப்ரொஃபைல் 80 சதவீதம் நிறைவு, இரண்டாவது பாதுகாவலரைச் சேர்க்கவும்’ என்று நினைவூட்டுகிறது. இன்னும் இரண்டு வருடத்தில் அவளுக்கு 18. அதுவரை அது 80லேயே நிற்கட்டும்.